புள்ளி அக்கா வேலைக்கு வராத நாட்கள்

மருந்துப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே எட்டாக மடித்த மெல்லிய தாள் ஒன்று இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. மாத்திரை அட்டையை உருவும்போது அது கீழே விழும், காலால் ஒதுக்கிவிடுவோம். அந்தத் தாளை வரிக்கு வரி, எழுத்துக்கு எழுத்து படித்துப் பிழை பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் உண்டு. அவர்களில் ஒருத்தியைப் பற்றியது இது.

அலுவலகத்தில் அவளைப் புள்ளி அக்கா என்பார்கள். எழுத்தின் தலையில் விடுபட்ட புள்ளியானாலும் சரி, எண்ணுக்கு நடுவில் விடுபட்ட புள்ளியானாலும் சரி, அவள் கண்ணுக்குத் தப்பாது. எண்ணுக்கு நடுவில் விடுபடுகிற புள்ளிதான் ஆளைக் கொல்லும். அரை மில்லி கொடுக்கவேண்டிய குழந்தைக்கு ஐந்து மில்லி கொடுத்தால் என்ன ஆகும் என்பதை, புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள். மேனேஜருக்கு வைத்த பெயர் பெரிய புள்ளி. "நம்ம ஆபீஸ்ல ரெண்டு புள்ளி. சின்னப் புள்ளி இல்லன்னா ஒரு தாளும் வெளிய போகாது. பெரிய புள்ளி இல்லன்னா ஒண்ணும் ஆகாது" என்று பக்கங்களை வடிவமைக்கிற அண்ணன் சொல்வார், மேனேஜர் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

அலுவலகம் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஆண்கள் கழிப்பறை லிஃப்டுக்குப் பக்கத்தில் திறந்தே கிடக்கும். பெண்களுக்கு ஒன்றே ஒன்று, நடைவழியின் கோடியில். அதற்குப் பூட்டு. மற்ற மாடிக்காரர்கள் வந்து அசிங்கம் பண்ணுகிறார்கள் என்று எப்போதோ யாரோ சொன்னதற்காகப் போட்ட பூட்டு. சாவி தொலைந்துபோகக் கூடாதென்று அதை ஒரு சாண் நீள மரக்கட்டையில் கோத்து, மேனேஜர் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அதன் கீழே ஒரு நோட்டுப் புத்தகம். பெயர், சாவி எடுத்த நேரம், திரும்ப வைத்த நேரம்.

அங்கே பதினோரு பெண்கள் வேலை பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும் எழுந்து, இருபது மேசைகளைத் தாண்டி, மேனேஜர் முன்னால் போய் நின்று, பெயரெழுதி, கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, மறுபடி அதே இருபது மேசைகளைத் தாண்டி நடைவழிக்குப் போகவேண்டும். "இப்பதானே போயிட்டு வந்தீங்க?" என்று மேனேஜர் சில சமயம் கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். அது கேள்வி இல்லை, தமாஷ் என்று நினைத்துக்கொள்ளவேண்டும்.

புள்ளி அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலை ஐந்தரைக்கு அரை டம்ளர் டீ. பிறகு ஒன்றரை மணி நேரம் பஸ். சாப்பிடும்போது தொண்டையில் சோறு சிக்காமல் இருக்க இரண்டு மடக்கு. சாயங்காலம் மறுபடி ஒன்றரை மணி நேரம் பஸ். ஏழு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கழிப்பறை. பன்னிரண்டு வருஷம் இப்படி. இதற்குள் சிறுநீரகத்தில் இரண்டு முறை கல். முதல் தடவை டாக்டர், "ஏம்மா, நீங்க தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று கேட்டபோது, "மறந்துபோயிடுது டாக்டர்" என்று சொன்னாள். அந்த டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தின் தாளைப் பிழை பார்த்தவளே அவள்தான். 'இம்மருந்தை உட்கொள்ளும் நாட்களில் நிறையத் தண்ணீர் குடிக்கவும்.' ஒரு பிழையும் இல்லாமல் அச்சாகியிருந்தது.

ஒருநாள் காலை கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. ஆனால் ஐந்து மாடிக்கும் வயர்கள் கருகிப்போயின. பழுது பார்க்க இரண்டு மாதம் ஆகும், அதுவரை எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று லேப்டாப் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் ஒன்றரை வருஷம் ஆயிற்று.

புள்ளி அக்கா படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே தையல் மிஷினைக் கிடத்திவிட்டு அதன் மேசைமேல் லேப்டாப்பை வைத்தாள். பக்கத்தில் ஒரு கூஜா தண்ணீர். முதல் நாள் பதினொரு மணி வாக்கில் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தாள். யாரும் நேரம் எழுதவில்லை. யாரும் சிரிக்கவில்லை. திரும்ப வந்து அடுத்த வரியைப் படிக்கப் போனவளுக்குக் கண் எழுத்தில் நிற்கவில்லை. சுகமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அடிவயிற்றிலிருந்து கோபம்தான் கிளம்பியது. இவ்வளவுதானா? எழுந்து எட்டு அடி நடந்து போய்விட்டு வருவது, இவ்வளவு சின்ன விஷயமா? இதற்காகவா பன்னிரண்டு வருஷம் நாக்கு வறண்டு கிடந்தேன்?

வீட்டில் வேலை செய்வது தொல்லையே இல்லாத காரியம் என்று சொல்ல முடியாது. "நீ வீட்டுலதானே இருக்கே" என்று மாடி வீட்டுக்காரி தன் பார்சலையெல்லாம் இவளை வாங்கி வைக்கச் சொன்னாள். ஊரிலிருந்து நாத்தனார் பகல் பன்னிரண்டுக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் புருஷனைப் பற்றிப் புலம்பினாள். புள்ளி அக்கா ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு வாசல் கதவில் அட்டையில் எழுதி ஒட்டினாள்: 'உள்ளே ஆள் வேலையில் இருக்கிறார்.' நாத்தனாரிடம், "நான் ஆபீஸ்ல இருக்கேன் அண்ணி, ஆறு மணிக்கு மேல பேசறேன்" என்றாள். "பெட்ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு ஆபீஸாம்" என்று நாத்தனார் நொடித்தாள். ஆனாலும் அடுத்த நாளிலிருந்து ஆறு மணிக்கு மேல்தான் புலம்பினாள்.

அலுவலகத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தாள் பார்த்தவள், வீட்டில் பதினைந்து பார்த்தாள். பஸ்ஸில் போன மூன்று மணி நேரம் உடம்பில் தங்கியது. தலைவலி போயிற்று. கல் திரும்ப வரவில்லை. ஒன்றரை வருஷத்தில் அவள் கண்ணுக்குத் தப்பி அச்சுக்குப் போன பிழை இரண்டு. இரண்டுமே ஆளைக் கொல்லாத பிழைகள்.

பிறகு அந்த மெயில் வந்தது. 'நம் அலுவலகக் குடும்பம் மீண்டும் ஒரே கூரையின் கீழ் இணைகிறது. வரும் முதல் தேதியிலிருந்து அனைவரும் நேரில் வரவேண்டும்.' குடும்பம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தக் குடும்பத்தில் கழிப்பறைக்குப் போக நோட்டில் எழுதுகிறார்கள்?

ஒரு நம்பிக்கை மட்டும் இருந்தது. கட்டடம் முழுவதையும் புதுப்பித்திருக்கிறார்கள், அந்தப் பூட்டும் எரிந்து போயிருக்கும் என்று நினைத்தாள்.

முதல் தேதி போய்ப் பார்த்தாள். சுவர்களுக்கு வெளிர் நீலத்தில் பெயிண்ட். மூலைக்கு மூலை பிளாஸ்டிக் செடிகள். பெண்கள் கழிப்பறைக்குப் புது டைல்ஸ், புதுக் கண்ணாடி, புதுப் பூட்டு. மேனேஜர் மேசைக்குப் பக்கத்தில் அதே மரக்கட்டை. அதைத் தீயிலிருந்து யாரோ பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். நோட்டு மட்டும் புதுசு.

இடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி இவளுக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்தாள். எல்லாருக்கும் இளையவள் என்பதால் சின்னவள். சேர்ந்ததிலிருந்தே வீட்டிலிருந்து வேலை செய்தவள். ஐந்து மாதக் கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். காலை ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை சாவியை எடுத்துக்கொண்டு போனால் அரை மணி நேரம் வரமாட்டாள். வெளியே ஆள் நின்று தட்டும். மூன்றாம் நாள் புள்ளி அக்காவே கதவைத் தட்டவேண்டியதாயிற்று. சின்னவள் கண் சிவந்து வெளியே வந்தாள். மேல்சட்டை முன்புறம் நனைந்திருந்தது.

"உடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா. பால் கட்டிக்குது. பீச்சித்தான் ஆகணும். வேற எங்க போறது?"

"எங்க உட்கார்ந்து?"

"அந்த டாய்லெட் மூடி மேலதான்."

"பாலை என்ன பண்றே?"

"வாஷ் பேசின்ல கொட்டிட்டேன். பாத்ரூம்ல எடுத்த பாலை எப்படிக்கா குழந்தைக்குக் கொடுக்கிறது?" சின்னவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அங்க அது புட்டிப்பாலைக் குடிக்க மாட்டேன்னு கத்திட்டு இருக்குன்னு அம்மா போன் பண்றாங்க. இங்க நான் கொட்டிட்டு இருக்கேன்."

புள்ளி அக்கா வந்த வேலையை மறந்து அங்கேயே நின்றாள். வாஷ் பேசினின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஓடிக் காய்ந்திருந்தது. குழாயைத் திறந்து அதைக் கழுவிவிட்டாள். அவள் பல வருஷங்களாக விழுங்கிக்கொண்டிருந்த கோபத்துக்கு அன்று வேறு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. தனக்காகக் கோபப்படுவதற்கு எப்போதும் கூச்சப்பட்டவள்தான். இன்னொருத்திக்காகக் கோபப்படுவதில் கூச்சம் எதுவும் இல்லை.

நான்காவது வாரம் மீட்டிங் போட்டார்கள். அலுவலகத்தில் வேலை செய்வதன் நன்மைகளை மேனேஜர் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒருவரோடு ஒருவர் பழகலாம். சந்தேகம் வந்தால் உடனே கேட்கலாம். பிறகு ஒரு படம் வந்தது. உயரமும் குட்டையுமாகப் பன்னிரண்டு கட்டங்கள். கீழே இருக்கை எண்கள்.

"இது நம்ம நோட்டுலேருந்து எடுத்தது" என்றார் மேனேஜர். "இருக்கையை விட்டு எழுந்து போற நேரம். சராசரியா ஒருத்தருக்கு முப்பது நிமிஷம். இருபத்திரண்டாம் நம்பர் ஒரு மணி நேரத்துக்கு மேல. நான் யாரையும் குத்திக் காட்டல. கண்ணு முன்னாடி இருக்கும்போதே இப்படின்னா, வீட்டுல இருந்தா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

இருபத்திரண்டாம் நம்பர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆண்கள் திரையைப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தங்கள் பேனாவைப் பார்த்தார்கள்.

புள்ளி அக்கா எழுந்தாள்.

"சார், ஆம்பளைங்களுக்கு எங்க கட்டம்?"

"என்ன?"

"ஆம்பளைங்க எத்தனை நிமிஷம் போறாங்கன்னு கட்டம் போடலையே."

"அவங்க நோட்டுல எழுதறதில்ல இல்லையா?"

"ஏன் எழுதறதில்ல?"

மேனேஜர் சிரித்தார். "அவங்களுக்குப் பூட்டு இல்ல, அதனால. உட்காருங்க, இதெல்லாம் அப்புறமா பேசிக்கலாம்."

"அப்புறமா பேசத்தான் பன்னிரண்டு வருஷம் இருந்தேன் சார். இதுல என் கட்டம் குட்டையா இருக்கு பாருங்க. இருபத்தொண்ணாம் நம்பர். நாள் பூரா எட்டு நிமிஷம். நல்ல வேலைக்காரின்னு நினைச்சிருப்பீங்க. நான் காலையிலேருந்து தண்ணி குடிக்கலன்னு அர்த்தம். என் வயித்துலேருந்து ரெண்டு தடவை கல் எடுத்திருக்காங்க. அதையும் ஒரு கட்டம் போடுங்க."

பிளாஸ்டிக் செடியின்மேல் ஏசி காற்று பட்டு அது மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"இருபத்திரண்டாம் நம்பர் பாத்ரூம்ல உட்கார்ந்து என்ன பண்றான்னு உங்களுக்குத் தெரியுமா? குழந்தைக்குப் பால். அந்தப் பாலை எடுத்துச் சாக்கடையில கொட்டிட்டு வந்து உங்க தாளைப் பார்க்கறா. அதே தாளை வீட்டுலேருந்து பார்த்தா குழந்தையும் குடிக்கும், வேலையும் நடக்கும். ஒன்றரை வருஷம் நடந்துச்சு. எத்தனை பிழை வெளிய போச்சு, கேளுங்க. என் கணக்குல ரெண்டு. இங்க வந்த நாலு வாரத்துல அஞ்சு. நேத்து ஒரு இருமல் மருந்துல அரை மில்லி அஞ்சு மில்லின்னு போயி, அச்சகத்துக்காரர் பார்த்து நிறுத்தினார். என் கையெழுத்து போட்ட தாள் சார் அது. நான் விட்ட புள்ளி."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. மற்றபடி கத்தவே இல்லை.

மீட்டிங் கலைந்ததும் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் கறுத்திருந்தாலும் குரலில் தேன் வழிந்தது.

"நீங்க சீனியர். உங்களுக்கு உடம்பு முடியலன்னு எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே. ஒண்ணு பண்ணுங்க. டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. உங்களுக்கு மட்டும் வீட்டுலேருந்து வேலை போட்டுத் தரேன். ஆனா வெளிய சொல்லிக்க வேண்டாம். எல்லாரும் வந்து நின்னா நான் என்ன பண்றது?"

"அந்தப் பொண்ணுக்கு?"

"அதுக்கு என்ன சர்டிபிகேட் வாங்க முடியும்? குழந்தை பெத்துக்கிறது வியாதியா?"

"எனக்கும் வியாதி இல்ல சார்" என்றாள் புள்ளி அக்கா. "பூட்டுதான்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது புருஷன் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுவதும் யாரோ ஒருவருடைய கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் நிற்கிறவன்.

"கொடுக்கிறேன்னு சொல்றாருல்ல, வாங்கிக்கோயேன். ஊருக்கெல்லாம் நீ ஏன் வக்காலத்து வாங்கறே?"

"வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கணுமாம்."

"மூடிக்கோ. எனக்கெல்லாம் அப்படி ஒரு வேலை கிடைச்சா நூறு பேருக்குத் தெரியாம மூடிக்குவேன். லிஃப்டைத் தூக்கிட்டு வந்து வீட்டுல வச்சா ரிப்பேர் பண்ண முடியும்? எல்லாருக்குமா வீட்டுல உட்கார்ந்து வேலை கிடைக்குது?"

"உன் வேலையை வீட்டுல செய்ய முடியாது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? என் வேலையைச் செய்ய முடியும். செஞ்சு காட்டினேன். முடியும்னு தெரிஞ்சும் வான்னு சொல்றாங்க பாரு, அதுதான் எனக்கு ஆறல." அவள் எழுந்து நின்றுவிட்டாள். "நீ வேலை பார்க்கிற இடத்துல உனக்கு அவசரம்னா என்ன பண்ணுவே?"

அவன் பழத்தைப் பாதியில் நிறுத்தினான். "சுவரு இருக்கு."

"யார்கிட்டயாவது கேப்பியா?"

"சுவத்துகிட்ட யாரு கேப்பா?"

"நான் கேட்கணும். நாப்பத்தி மூணு வயசுல, கட்டையைக் கையில பிடிச்சிக்கிட்டு, ஒரு ஆம்பளை முன்னாடி போயி நிக்கணும். இத்தனை வருஷம் உன்கிட்டகூட இதைச் சொல்லல, அசிங்கம்னு. இப்ப எனக்கு அசிங்கம் விட்டுப்போச்சு."

கல் வந்த இரண்டு முறையும் அவன்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தான். இரண்டு முறையும் "தண்ணி குடிக்காம அப்படி என்னதான் பிடிவாதம்" என்று அவளைத் திட்டியவனும் அவன்தான்.

அந்த வார வெள்ளிக்கிழமை சின்னவள் வேலையை விட்டாள். பால் கட்டிக் காய்ச்சல் கண்டுவிட்டது. ராஜினாமாக் கடிதத்தில் 'சொந்தக் காரணங்களால்' என்று எழுதியிருந்தாள். "சொந்தக் காரணம்னு ஏன் எழுதினே?" என்று புள்ளி அக்கா கேட்டதற்கு, "வேற என்ன எழுதினாலும் அடுத்த கம்பெனில கேப்பாங்கக்கா" என்றாள். மேசை இழுப்பறையில் இருந்த பொருட்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கையில் இருந்த கழிப்பறைச் சாவியை மேனேஜர் முன்னால் போய் மாட்டக் கூசி, கட்டையோடு கொஞ்ச நேரம் நின்றாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் புள்ளி அக்கா வாங்கி ஆணியில் மாட்டினாள்.

திங்கட்கிழமை புள்ளி அக்கா பஸ் ஏறவில்லை. எட்டரைக்குத் தையல் மேசையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். தாள்கள் வழக்கம்போல வந்து விழுந்தன. முதல் தாளைப் பார்த்து முடித்து, விதிப்படி அடியில் தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டு அனுப்பினாள். ஒன்பதே முக்காலுக்கு மேனேஜர் போன் செய்தார்.

"எங்க இருக்கீங்க?"

"வேலையில இருக்கேன் சார்."

"சீட்டுல ஆளைக் காணோமே."

"சீட்டு அங்க இருக்கு. வேலை இங்க நடக்குது. மூணு தாள் முடிச்சு அனுப்பியிருக்கேன், பாருங்க."

"சர்டிபிகேட் அனுப்பினீங்களா?"

"இல்ல. அனுப்பவும் மாட்டேன்."

"அப்போ ஆப்சென்ட் போடுவேன். சம்பளம் பிடிப்பாங்க. இப்படியே போனா வேலையும் போகும், சொல்லிட்டேன்."

"போடுங்க சார்."

போனை வைத்தாள். எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நான்காவது தாளைத் திறந்தாள். சாயங்காலம் மேனேஜருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் ஒரே மெயில் அனுப்பினாள். 'இன்று வேலைக்கு வராதவர் முடித்த தாள்கள்: பதினாறு.' அடுத்த நாளும் அனுப்பினாள். பதினான்கு. அதற்கடுத்த நாள் பதினேழு.

இரண்டாம் வாரம் இன்னும் நான்கு பேர் வரவில்லை. மூன்று பெண்கள், ஒரு ஆண். அந்த ஆண் வேறு யாருமில்லை, வடிவமைப்பு அண்ணன்தான். அவருக்கு முட்டிவலி. அவரும் சாயங்காலம் மெயில் போட்டார்: 'வராதவர் முடித்த பக்கங்கள்: முப்பத்தொன்று.' மற்றப் பெண்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மீட்டிங்குக்குப் பிறகு புள்ளி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுத இரண்டு பேரும்கூட வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள்மேலும் அவளுக்குக் கோபம் இருந்தது. அவரவருக்கு ஆயிரம் இருக்கும் என்று தெரிந்தும் இருந்தது.

மேனேஜர் விடாமல் எல்லாருக்கும் ஆப்சென்ட் போட்டார். சிவப்பு மையில் போட்டார். அவர் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. மருந்து கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தங்கள் பரிசோதகரை அனுப்பும். ஒவ்வொரு தாளையும் யார் பார்த்தது, எந்தத் தேதியில் பார்த்தது, அந்த ஆள் அன்று வேலையில் இருந்தாரா என்று அவர் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். கோபத்தில் செய்தாளா, யோசித்துச் செய்தாளா என்று பின்னால் கேட்டவர்களிடம், "ரெண்டும்தான்" என்றாள் புள்ளி அக்கா.

பரிசோதகர் நான்காவது வாரத் தொடக்கத்தில் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. அன்று அவர் கேட்டுக்கொண்டதால் புள்ளி அக்காவையும் நேரில் வரச்சொன்னார்கள். பரிசோதகர் ஒரு பக்கம் தாள்களையும் மறுபக்கம் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு விரலால் ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இந்தத் தேதியில இவங்க ஆப்சென்ட்னு இருக்கு. ஆனா அதே தேதியில பதினாறு தாள்ல இவங்க கையெழுத்து இருக்கே. போட்டது யாரு?"

மேனேஜர் மென்று விழுங்கினார். "அவங்கதான் மேடம். வீட்டுலேருந்து பார்த்தாங்க."

"அப்போ வேலையில இருந்தாங்களா, இல்லையா?"

"இருந்தாங்க. ஆனா இங்க வரல."

"நான் எங்க இருந்தாங்கன்னு கேட்கல. இல்லாத ஆள் பார்த்த தாள்னா அது பார்க்காத தாள். பதினைஞ்சு நாள்ல இருநூத்தி முப்பத்தெட்டு தாள் இருக்கு. எல்லாத்தையும் நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதட்டுமா?"

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. இருநூற்று முப்பத்தெட்டுத் தாள்களும் ஏற்கனவே அச்சாகி, மடிந்து, பெட்டிகளுக்குள் போயிருந்தன.

"வேலையில இருந்தாங்க மேடம்" என்றார்.

"அப்படின்னா பதிவேடு தப்பு. திருத்துங்க. திருத்தின ஒவ்வொரு இடத்துலயும் உங்க கையெழுத்து வேணும்."

மேனேஜர் பேனாவைத் திறந்தார். புள்ளி அக்கா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பை அடித்து நீலத்தில் எழுதி, பக்கத்தில் கையெழுத்து. அவளுக்குப் பதினைந்து, மற்ற நான்கு பேருக்கும் பத்துப் பத்து. மொத்தம் ஐம்பத்தைந்து கையெழுத்து. இதைப் பார்த்தால் குளிர்ந்துபோகும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை. ஒரு கேள்விதான் உள்ளே எரிந்துகொண்டே இருந்தது: பன்னிரண்டு வருஷம் ஒருத்தி வாய்விட்டுச் சொல்லாத விஷயமும், சொன்ன பிறகும் ஒருத்தர் காதில் ஏறாத விஷயமும், வெளியிலிருந்து ஒரு ஆள் வந்து தாளைப் புரட்டினால்தான் ஏறுமா?

பரிசோதகர் கிளம்பும்போது, "உங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டார். மேனேஜர் கை தானாகவே ஆணியிலிருந்த கட்டையை எடுத்து நீட்டியது. அவர் அதை வாங்கிக்கொண்டு, கீழே இருந்த நோட்டையும் ஒரு நிமிஷம் பார்த்தார். "இதுலயும் நான் கையெழுத்துப் போடணுமா?" என்றார்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. பிழை பார்ப்பவர்களும் வடிவமைப்பாளர்களும் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். எவரிடமும் மருத்துவச் சான்று கேட்கக் கூடாது. கழிப்பறைப் பூட்டை அகற்றவேண்டும். கடைசிப் பத்தியில், ஊழியர்களின் நலனில் தாங்கள் எப்போதுமே அக்கறை கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தார்கள். பிடித்த சம்பளம் திரும்ப வந்தது. மேனேஜர் அதே மேசையில்தான் இருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரில் போகிற ஒரு நாள் அவர் புள்ளி அக்காவைப் பார்த்தால், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். அவள், "வேலை இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவாள்.

உத்தரவு வந்த அன்றே சின்னவளுக்குப் போன் செய்தாள். பின்னால் குழந்தை ஏதோ ஒரு பாத்திரத்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப வீட்டுலேருந்தே பார்க்கலாமாம். உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடல. நான் பேசட்டுமா?"

குழந்தை கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"வேண்டாம்க்கா" என்றாள் சின்னவள். "எனக்குப் பாலே நின்னுபோச்சு. இப்ப எங்கேருந்து வேலை செஞ்சா என்ன? அந்தப் படத்தை எல்லாரும் பார்த்தாங்கல்ல, அத்தனை பேரு முகமும் எனக்கு ஞாபகம் இருக்கு. அவங்ககூட மறுபடி என்னால பேச முடியாது."

"சரி" என்றாள் புள்ளி அக்கா. "வராதே."

இன்னும் ஒரு மாதம் முன்னால் தான் வாயைத் திறந்திருக்கலாம் என்று நினைத்தாள். அதைச் சொல்லி அந்தப் பெண்ணிடம் ஆறுதல் வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. போனை வைத்தாள். திரையில் அன்றைக்கு இன்னும் ஒன்பது தாள்கள் காத்திருந்தன. முதலாவது குழந்தைகளுக்கான காய்ச்சல் சொட்டு மருந்து. அளவு எழுதியிருந்த வரியை ஒரு முறை படித்தாள். கோபத்தில் கண் ஓடிவிடக் கூடாதென்று விரலை வைத்து மறுபடியும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.